எட்டடி அகல அரண்மனை

மாலிந்தி வேன் நிலையத்தில் நடத்துநர்கள் "கெடே, கெடே, வடாமு" என்று குரல் கொடுத்து ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கென்யாவில் இந்தப் பதினான்கு இருக்கை வேன்களுக்கு மடாட்டு என்று பெயர். கெடே விலக்குக்கு 100 ஷில்லிங் கேட்டார்கள். மொம்பாசா நெடுஞ்சாலையில் தெற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் போக வேண்டும். ஜன்னலோரம் இடம் கிடைத்ததால் வழிநெடுகப் பார்த்துக்கொண்டே போனேன். தென்னை, மா, முந்திரி, கீற்று வேய்ந்த மண்வீடுகள். இவற்றுக்கு நடுவே இரண்டு சரக்குகள் சாலையோரத்தில் திரும்பத் திரும்ப விற்பனைக்குக் கிடந்தன. ஒன்று, அறுத்து அடுக்கிய பவளப்பாறைக் கட்டிகள். இன்னொன்று, கட்டுக்கட்டாகச் சாத்தி நிறுத்திய கண்டல் மரக் கழிகள். சுவாஹிலியில் போரிட்டி என்பார்கள். வீடு கட்டுகிறவர்கள் இன்றும் இவற்றை வாங்கிப் போகிறார்கள். நான் பார்க்கப் போன ஊரையும் அறுநூறு வருடங்களுக்கு முன்னால் இதே இரண்டு சரக்கை வைத்துத்தான் கட்டினார்கள்.

விலக்கில் இறங்கியதும் இருசக்கர வாடகை வண்டிக்காரர் ஒருவர் 50 ஷில்லிங்குக்குக் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். தூரம் ஒரு கிலோமீட்டர்தான், நடந்துவிட்டேன். பாதையோரக் கடையில் ஆனைப்புளி விதைகளைச் சர்க்கரையிலும் சிவப்புச் சாயத்திலும் தோய்த்துச் சின்னப் பொட்டலமாக விற்கிறார்கள். இருபது ஷில்லிங். புளிப்பும் இனிப்புமாக வாயில் ஒதுக்கிக்கொண்டு நடக்க நன்றாக இருந்தது. விரலெல்லாம் சிவப்பு.

நான் போனபோது வாசலில் வெளிநாட்டவருக்கு 500 ஷில்லிங் சீட்டு. வழிகாட்டிக்குத் தனியாகப் பேசிக்கொள்ள வேண்டும். எனக்குக் கிடைத்தவர் பக்கத்துக் கிராமத்து கிரியாமா இன இளைஞர். பள்ளி நாட்களிலிருந்து இந்தக் காட்டுக்குள் ஓடியாடி வளர்ந்தவர். "இது காணாமல்போன நகரம். ஏன் கைவிட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது" என்று தொடங்கினார். எல்லாப் பயணக் கையேடுகளும் இப்படித்தான் தொடங்குகின்றன. சொன்னதைக் கேட்டுக்கொண்டேன். பையில் அளவு நாடா இருந்தது. சுவரையும் தரையையும் கிணற்றையும் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்றிருந்தேன்.

கெடி என்றும் எழுதப்படும் இந்தக் கெடேயின் வரலாறாக எழுத்தில் இருப்பது கொஞ்சம். 12-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஊர் உருவாகி, 15-ஆம் நூற்றாண்டில் செழித்து, 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆளில்லாமல் போனது. 1884-இல் ஜான் கிர்க் என்ற ஸ்காட்லாந்துக்காரர் வந்து பார்த்தார். 1927-இல் வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். 1948-இல் தொல்லியலாளர் ஜேம்ஸ் கிர்க்மன் பொறுப்புக்கு வந்து, பத்தாண்டுக் காலம் காட்டை வெட்டி மண்ணை அள்ளிச் சுவர்களை வெளியே கொண்டுவந்தார். 2024 ஜூலையில் யுனெஸ்கோ தன் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இதைச் சேர்த்தது. அந்தக் கூட்டம் நடந்தது புதுதில்லியில்.

உள்ளே நுழைந்ததும் வெயில் நின்றுபோகிறது. மரங்கள் அவ்வளவு அடர்த்தி. இலைமக்கிய ஈரவாசம். மேலே குரங்குகள் கிளை மாறும் சத்தம். வாசலில் வாழைப்பழம் விற்கிறார்கள், குரங்குக்குக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ள. எனக்கு அதில் விருப்பமில்லை. பாதைக்கு வலப்புறம் ஒரு கல்லறை. அதன் சுண்ணாம்புப் பூச்சில் ஹிஜ்ரி 802 என்று ஆண்டு பொறித்திருக்கிறார்கள், அதாவது கி.பி. 1399. இவ்வளவு பெரிய ஊரில் ஆண்டு பொறித்த இடம் இது ஒன்றுதான் என்றார் வழிகாட்டி. மற்றக் கட்டடங்களின் காலத்தை, அவற்றின் தரைக்கு மேலும் கீழும் கிடைத்த பானையோடுகளையும் பீங்கானையும் கொண்டு கணக்கிட்டிருக்கிறார்கள். கொஞ்சம் தள்ளி இன்னொரு கல்லறை. அதன்மேல் நெடுக வரிப்பள்ளம் விட்ட ஒரு தூண் எழுந்து நிற்கிறது. கல்லறைக்கு மேல் தூண் நிறுத்துவது இந்தக் கிழக்கு ஆப்பிரிக்கக் கரைக்கே உரிய வழக்கம்.

அடுத்து பெரிய பள்ளிவாசல். கூரை போய்விட்டது. செவ்வகத் தூண்கள் வரிசை வரிசையாக நெஞ்சளவிலும் தலையளவிலும் நிற்கின்றன. மெக்கா இங்கிருந்து வடக்கே என்பதால், தொழும் திசையைக் காட்டும் மாடமான மிஹ்ராப் வடக்குச் சுவரில். அதன் வளைவைச் சுற்றிச் சீனப் பீங்கான் கிண்ணங்களைச் சுவரிலேயே பதித்திருந்தார்கள். இப்போது வட்டமான பள்ளங்கள் தெரிகின்றன. ஒரு வாசல் வளைவின் மேல் அகன்ற ஈட்டிமுனை ஒன்றைப் புடைப்பாகச் செதுக்கியிருக்கிறார்கள். வாசலைத் தாண்டி நின்று மிஹ்ராபைப் பார்க்க முயன்றேன். முழுதாகத் தெரியவில்லை. தூண் மறைக்கிறது. தொழுகை நடத்துகிறவரைப் பின்னால் இருப்பவர்கள் பார்க்க முடியாதபடி யாராவது வேண்டுமென்றே கட்டுவார்களா? நாடாவை எடுத்து, தூணுக்கும் தூணுக்கும் நடுவே அகலத்தை அளந்தேன். எட்டடிக்கு உட்பட்டுத்தான் இருந்தது. அடுத்த வரிசையிலும் அப்படியே.

வழிகாட்டி இதற்கு மதத்தோடு சேர்த்து ஒரு விளக்கம் சொன்னார். எனக்கு அது ஒட்டவில்லை. சாலையோரத்தில் பார்த்த போரிட்டிக் கழிகள்தான் நினைவுக்கு வந்தன. கண்டல் மரம் உப்புநீரில் வளர்வது. கறையான் எளிதில் அண்டாது, இரும்பு மாதிரி உழைக்கும், ஆனால் நேராகக் கிடைக்கும் நீளம் குறைவு. அதன்மேல் இவர்கள் ஏற்றியதோ ஓலைக் கூரையல்ல. கழிகளை நெருக்கமாகப் பரப்பி, அதன்மேல் தட்டையான பவளக்கல் துண்டுகளை அடுக்கி, அதற்கும் மேலே சுண்ணாம்புக் கலவையைக் கனமாகக் கொட்டி இடித்து இறுக்கினார்கள். அந்தச் சுமையைத் தாங்கி, சுவரிலும் கொஞ்சம் உள்வாங்கி உட்கார்ந்த பிறகு, ஒரு கழியால் மூட முடிந்த இடைவெளி எட்டடிதான். கூடத்தை அகலமாக்க வேண்டுமானால் நடுவில் தூண் நிறுத்தாமல் முடியாது. தூண் வரிசை ஒற்றைப்படையில் வந்தால் நடுவரிசை மிஹ்ராபுக்கு நேரே வந்து நிற்கும். இமாமை மறைத்தது கழியின் நீளம்.

பள்ளிவாசல் கிணற்றங்கரையில் ரொம்ப நேரம் நின்றேன். கிணற்றிலிருந்து இறைக்கும் நீர் ஒரு வாய்க்கால் வழியாகத் தொட்டிக்குப் போகிறது. பக்கத்தில் சொரசொரப்பான பவளக்கல் பதித்திருக்கிறார்கள், குதிகாலைத் தேய்த்துக் கழுவ. பயணி இப்ன் பதூதா 1331-இல் மொம்பாசாவுக்கு வந்தபோது, அங்கே பள்ளிவாசல் வாசல்களில் கிணறு இருந்ததையும், உள்ளே போகிற எவரும் காலைக் கழுவித் துடைத்துவிட்டே போனதையும் எழுதி வைத்திருக்கிறார். அவர் பார்த்த மொம்பாசாப் பள்ளிவாசல்கள் மரத்தாலானவை. அவற்றில் ஒன்றும் இன்று இல்லை. இங்கே கல்லில் நிற்பது அவர் எழுதிய அதே ஏற்பாடு.

பள்ளிவாசலுக்குப் பின்புறம் அரண்மனை. கால் ஏக்கர் பரப்பு. முகப்பில் கூரிய முனை கொண்ட வளைவு வாசல் ஒன்று இன்னும் முழுதாக நிற்கிறது. இந்த ஊர்ப் படங்களில் எல்லாரும் காட்டும் வாசல் அதுதான். கிட்டே போய்ப் பார்த்தால் இரண்டு விதமான கல் தெரிகிறது. சுவரின் உடம்பு முழுவதும் கரடுமுரடான பழைய பவளப்பாறை. நிலத்தைத் தோண்டி எடுத்தது. துண்டு துண்டாக உடைத்துச் சுண்ணாம்பும் செம்மண்ணும் கலந்த சாந்தில் பொதிந்து எழுப்பியிருக்கிறார்கள். வளைவு, நிலைக்கால், மாடத்தின் விளிம்பு ஆகிய இடங்களில் மட்டும் நுண்துளை கொண்ட வெளிர்ந்த கல். இது கடலுக்குள்ளிருந்து வெட்டி எடுத்த பவளம். ஈரமாக இருக்கும்போது கத்திக்கே வசப்படும், காற்றுப் பட்டுக் காய்ந்ததும் இறுகிவிடும். அதனால்தான் விளிம்புகள் இத்தனை கூர்மை. தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் மாதா கோவிலைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கல் அந்நியமாக இருக்காது. கடல் பூச்சி கட்டிய கூட்டின் கோடுகள் அங்கே போலவே இங்கும் சுவரில் விரலுக்குத் தட்டுப்படுகின்றன.

சுண்ணாம்பும் கடல் கொடுத்ததுதான். மரக்கட்டைகளை வட்டமாக அடுக்கி, மேலே பவளத்தைக் குவித்து எரித்து, அதை மழையில் நனையவிட்டுப் பதப்படுத்துவார்கள். சூளைகூடத் தேவையில்லை. ஆனால் விறகு ஏராளமாகச் செலவாகும். ஓர் அறைக்குப் பூச, கூரைக்குக் கொட்ட எவ்வளவு சுண்ணாம்பு வேண்டியிருந்திருக்கும் என்று யோசித்தால், இவ்வளவு கல்வீடுகளைக் கட்டிய ஊரைச் சுற்றி அந்தக் காலத்தில் இப்போதிருக்கும் காடு இருந்திருக்க வாய்ப்பில்லை. இன்று சுவரைப் பிளந்துகொண்டு நிற்கிற மரங்களெல்லாம் ஆட்கள் போன பிறகு முளைத்தவை.

வளைவைத் தாண்டினால் படிகள் கீழே இறங்குகின்றன. முற்றம் தரைமட்டத்திலிருந்து தாழ்ந்து கிடக்கிறது. இதைக் கட்டியவர்களின் கெட்டிக்காரத்தனம் எனக்கு இங்கேதான் முழுசாகப் பிடிபட்டது. முற்றத்தை ஆழமாக்கினால் சுற்றியுள்ள சுவரின் நிழல் நீளும், சுவர் மேலும் உயர்ந்து தெரியும், முற்றத்துக்கென்று தோண்டிய கல்லே சுவருக்கும் ஆகும். மழை பெய்தால்? மூலையில் நீர் இறங்கிப்போகும் குழி வைத்திருக்கிறார்கள். நான் போவதற்கு முந்தைய இரவு மழை. வெளியே பாதையில் சேறு. முற்றத்தில் ஒரு சொட்டுத் தேங்கவில்லை.

முதலில் வரவேற்பு முற்றம். இன்னொரு பக்கம் வழக்குக் கேட்கும் முற்றம், வந்தவர்கள் காத்திருக்கக் கல்திண்ணை. திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன். முழங்கால் வாகாக மடங்குகிறது. நடு உயரத்துக்காரர்களுக்கு அளவெடுத்துப் போட்ட திண்ணை. அங்கிருந்து உள்ளறைகளுக்கு நேராக ஒரு பார்வையும் போகவில்லை. ஒவ்வொரு கதவுக்கு அப்பாலும் ஒரு திருப்பம். வெளியாள் எது வரை வரலாம், எதற்கு மேல் வரக்கூடாது என்பதை இந்தக் கட்டடத்தில் சுவரே சொல்லிவிடும்.

உள்ளே அறைக்குப் பின்னால் அறை, அதற்கும் பின்னால் அறை. எதிலும் ஜன்னல் இல்லை. நீளம் இருபதடியைத் தாண்டும் அறைகளும் இருக்கின்றன. அகலம் மட்டும் எங்கே அளந்தாலும் எட்டடியைத் தாண்டவில்லை. சுல்தான் இருந்த அறையும் சாமான் போட்டு வைத்த அறையும் இந்த ஒரு விஷயத்தில் சமம். பணம் இருந்தால் நீளத்தைக் கூட்டலாம், அறைகளைக் கூட்டலாம், முற்றங்களைக் கூட்டலாம். அகலத்தைக் கூட்ட அந்தக் கரையில் மரம் கிடையாது. கெடியின் அரண்மனை, கால் ஏக்கரில் அடுக்கி வைத்த ஒடுக்கமான அறைகளின் கூட்டமாக ஆனது இதனால்தான்.

வழிகாட்டி ஓர் இடத்தில் நின்று, "இவை நான்கு ராணிகளின் அறைகள். நான்கு பேருக்கும் ஒரே அளவு, சண்டை வரக்கூடாது என்று" என்றார். கேட்க நன்றாக இருக்கிற கதை. ஆனால் நான் பிற்பகலில் பார்த்த சாதாரண வீடுகளிலும் அதே அளவில், அதே வரிசையில் அறைகள் இருந்தன. பெண்களுக்கென்று தனி முற்றமும் அதற்குத் தனி வாசலும் அரண்மனையில் இருந்தது என்பதை அகழ்ந்தவர்கள் ஏற்கிறார்கள். அந்த வாசலை நானும் பார்த்தேன். அறை எண்ணிக்கையிலிருந்து ராணிகளின் எண்ணிக்கைக்குத் தாவுவது மட்டும் சுவரில் இல்லாத விஷயம்.

சுவரில் இருப்பவை வேறு. ஒரு பெரிய அறையில் தலைக்கு மேலே வரிசையாகத் துளைகள். மர முளைகள் அடித்து விரிப்புகளும் திரைத்துணிகளும் தொங்கவிட்டிருக்கிறார்கள். கதவு நிலைகளின் இருபுறமும் சின்ன மாடங்கள், விளக்கு வைக்க. நிலைக்குப் பின்னால் குறுக்குக்கட்டை செருகும் பள்ளம். வெறும் கல்லாக, சாம்பல் நிறமாக, பாசி படிந்து நாம் பார்ப்பது எலும்புக்கூடு. வெள்ளைப் பூச்சும், வண்ணத் துணியும், மாடத்து எண்ணெய் விளக்கும், தரையில் பாயுமாக இந்த எட்டடி அறை எப்படி இருந்திருக்கும் என்பதை அந்தத் துளைகளை வைத்துத்தான் கட்டி எழுப்ப வேண்டியிருக்கிறது.

அரண்மனையில் எனக்கு ரொம்பப் பிடித்தது கழிப்பறை. ஆழமான குழியின்மேல் கல் பலகை, நடுவே துளை. பக்கத்தில் மேடை. தண்ணீர்ப் பாத்திரம் அசையாமல் உட்கார அதில் இடம் வெட்டியிருக்கிறார்கள். பூச்சு இன்னும் உதிரவில்லை. படுக்கும் அறைக்கு ஒட்டினாற்போல் வீட்டுக்குள்ளேயே இதைக் கட்டும் தைரியம் வேண்டுமானால் குழியையும் காற்றோட்டத்தையும் பற்றிய அறிவு வேண்டும். அரண்மனைக்கு மட்டும் என்றில்லை, பிற கல்வீடுகளிலும் இருக்கிறது. வந்திருந்த பள்ளிப் பிள்ளைகள் இந்த இடத்தில் சிரித்துவிட்டு நகர்ந்தார்கள். அவர்களின் ஆசிரியை மட்டும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

அரண்மனைக்கு அப்பால் வீடுகள் நெருங்கி நெருங்கி நிற்கின்றன. நடுவே ஒடுக்கமான சந்து. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். வீடுகளுக்குப் பெயர் வைத்தவர் கிர்க்மன். உள்ளே கிடைத்த பொருளே வீட்டின் பெயர்: கத்தரிக்கோல் வீடு, இரும்பு விளக்கு வீடு, சீனக் காசு வீடு, சோழி வீடு, பீங்கான் கிண்ண வீடு, வெனிஸ் மணி வீடு, தந்தப் பெட்டி வீடு. குடியிருந்தவர்களின் பெயர் ஒன்றுகூடத் தெரியாத நிலையில், அவர்கள் தவறவிட்டுப் போன சாமான் முகவரியாகிவிட்டது. இந்தப் பெயர்களை வரிசையாகப் படித்தாலே ஊரின் வியாபாரம் விளங்கும். மாலிந்தியிலிருந்து 1415-இல் ஓர் ஒட்டகச்சிவிங்கி சீனப் பேரரசரின் சபைக்குப் போய்ச் சேர்ந்த காலம் அது. அதே கடல்வழியில் பீங்கான் இந்தக் கரைக்கு வந்தது.

வீடுகளின் அமைப்பு ஒரு சூத்திரம் மாதிரி திரும்ப வருகிறது. முன்னால் தாழ்ந்த முற்றம், அடுத்து நீண்ட கூடம், அதன் பின்னால் படுக்கையறைகள், கடைசியில் பண்டக அறை. இந்தப் பண்டக அறைக்குக் கதவு இல்லை. சுவரின் உச்சியில் ஓர் ஆள் நுழையும் திறப்பு மட்டும். ஏணி வைத்து ஏறி உள்ளே இறங்க வேண்டும், ஏணியை எடுத்துவிட்டால் பெட்டகம். ஒன்றின் உள்ளே எட்டிப் பார்த்தேன். உலர்ந்த இலைகளும் ஒரு பல்லியும். நீர்த்தொட்டி வீடு என்று பெயர் கொண்ட ஒன்றில், பூச்சு ஈரமாக இருந்தபோதோ பின்னாலோ யாரோ கூரிய முனையால் கீறிய கோட்டுச் சித்திரங்கள் இருக்கின்றன. பாய்மரக்கப்பல் கீறிய இன்னொரு வீட்டுக்கு அந்தக் கப்பலின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

அந்தக் கப்பல் வீட்டருகே பெரிய மரம் ஒன்றின்மேல் பலகை மேடை கட்டியிருக்கிறார்கள். ஏறினேன். மேலே நின்றால் சுவர்களின் திட்டம் ஒருவாறு புரிகிறது. வேர்கள் எங்கே வேலை செய்கின்றன என்பதும் தெரிகிறது. அத்தி இனத்து மரங்கள் சுவரின் தலையில் விதை விழுந்து முளைத்து, வேரைச் சாந்துக்குள் இறக்கி, கல்லைக் கவ்விப் பிடித்திருக்கின்றன. வெட்டினால் சுவர் சரியும், விட்டால் மெல்லப் பிளக்கும். பராமரிப்பவர்களுக்கு இது தினப்படித் தலைவலி. கீழே சருகுக்குள் நீண்ட மூக்கும் மஞ்சள் பின்புறமும் கொண்ட, முயலைவிடச் சின்ன விலங்கு ஒன்று துள்ளித் துள்ளி ஓடியது. பக்கத்து அரபுக்கோ சோகோகே காட்டிலும் இங்கும்தான் அது பெரும்பாலும் வாழ்கிறது என்றார் வழிகாட்டி.

இறங்கியதும் பழைய கேள்விக்கு வந்தோம். ஏன் போனார்கள்? அவர் ஆவிகளைப் பற்றிச் சொன்னார். சுவரைத் தொந்தரவு செய்தவர்களுக்கு நேர்ந்தவை என்று சில கதைகளையும் சொன்னார். பிறகு வரலாற்றுப் புத்தகத்தில் உள்ளவற்றையும் தானே சொன்னார். 1589-இல் சிம்பா என்ற படையினர் தெற்கிலிருந்து மொம்பாசாவைச் சூறையாடிவிட்டு மாலிந்தி நோக்கி வந்தார்கள். 1593-இல் போர்ச்சுகீசியர் மொம்பாசாவில் கோட்டை கட்டத் தொடங்க, மாலிந்தியின் செல்வாக்கு அங்கே நகர்ந்தது. வடக்கிலிருந்து ஒரோமோ மக்கள் இறங்கிவந்தார்கள். இவற்றோடு நிலத்தடி நீர் இறங்கியதையும் ஆய்வாளர்கள் சேர்த்துச் சொல்கிறார்கள். பெரிய பள்ளிவாசல் கிணற்றைப் பிற்காலத்தில் மேலும் ஆழப்படுத்தியிருக்கிறார்கள் என்பது அதற்குச் சாட்சி.

இதைக் கேட்டதும் திரும்பவும் அந்தக் கிணற்றுக்கே போனோம். குனிந்தால் குளிர்ந்த காற்று முகத்தில் அடிக்கிறது. தண்ணீர் தெரியவில்லை. ஒரு கூழாங்கல்லைப் போடலாமா என்று கேட்டேன், கூடாது என்றார். சரிதான். இந்த ஊரில் ஆறு இல்லை. கடல் ஆறு கிலோமீட்டர். குடிக்க, சமைக்க, தொழுகைக்குக் கால் கழுவ, முன்சொன்ன அந்தக் கழிப்பறைக்கு, சுண்ணாம்பு குழைக்க, எல்லாவற்றுக்கும் கிணறுதான். வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் வெட்டியிருக்கிறார்கள். படை வந்து போனால் ஊர் திரும்பும். வியாபாரம் நொடித்தாலும் விவசாயம் பார்த்து நாலு குடும்பம் தங்கும். வற்றும் கிணற்றை எத்தனை முறை ஆழப்படுத்துவது? மற்றக் காரணங்களும் சேர்ந்திருக்கலாம். எனினும் நான் கண்ணால் பார்த்த சாட்சி கிணறுதான், என் பங்குக்கு அதையே முதலில் வைப்பேன்.

எனக்கு உண்மையில் விசித்திரமாகப் படுவது வேறொன்று. வாஸ்கோட காமா 1498-இல் மாலிந்திக்கு வந்தார். அதற்குப் பின் போர்ச்சுகீசியர் மாலிந்தியில் பல பத்தாண்டுகள் இருந்தார்கள். அவர்கள் எழுதிக் குவித்த குறிப்புகளில், 16 கிலோமீட்டரில் இருந்த இந்தக் கல்லூரைப் பற்றிப் பேச்சே இல்லை. கடலிலிருந்து தள்ளி, காயலுக்கு அப்பால் இருந்ததால் கப்பலிலிருந்து பார்த்தால் தெரிந்திருக்காது. துறைமுகம் இல்லாத ஊர் அவர்களுக்கு வேண்டியிருக்கவும் இல்லை. எழுதியவர்கள் யாரும் வரவில்லை என்பதற்காக ஒரு ஊரை மர்மம் என்று அழைப்பது எனக்குச் சம்மதமில்லை.

வாசலருகே சின்ன அருங்காட்சியகம். கத்தரிக்கோல், பீங்கான் துண்டுகள், பாரசீக மெருகுப் பானைகளின் சில்லுகள், மணிகள், இந்தியாவிலிருந்து வந்தது என்று சொல்லப்படும் இரும்பு விளக்கு. அரை மணி நேரம் போதும். ஆனால் சுவர்களைப் பார்த்துவிட்டு வந்து இவற்றைப் பார்ப்பதே நல்லது. கிண்ணத்தைப் பார்த்ததும் மிஹ்ராபின் பள்ளமும், விளக்கைப் பார்த்ததும் மாடமும் கண்ணுக்கு வரும்.

கிளம்புகிற நேரத்தில் வெளிமதிலைப் பார்க்க வேண்டும் என்றேன். வழிகாட்டிக்கு ஆச்சரியம். பொதுவாக யாரும் கேட்பதில்லையாம். கெடிக்கு இரண்டு மதில்கள். உள்மதிலுக்குள்தான் இதுவரை சொன்ன பள்ளிவாசலும் அரண்மனையும் கல்வீடுகளும். வெளிமதில் ஏறத்தாழ 45 ஏக்கரை வளைத்து ஓடுகிறது. உள்மதிலைத் தாண்டியதும் பாதை குறுகிவிட்டது. கொடிகளை விலக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. இரண்டு மதிலுக்கும் நடுவே தரையில் கல்லே இல்லை. மேடும் பள்ளமுமாக வெறும் மண். ஊர் மக்களில் பெரும்பாலோர் இங்கேதான் மண்ணும் கழியும் கீற்றும் கொண்டு கட்டிய வீடுகளில் இருந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் முடிவு. பவளத்தைச் சுமந்தவர்கள், சுண்ணாம்பு எரித்தவர்கள், கிணறு வெட்டியவர்கள் எல்லாம் இந்தப் பக்கத்து ஆட்கள்தானே.

வெளிமதில் ஓரிடத்தில் என் தலைக்கு மேலே ஓரடி உயர்ந்தும், சில இடங்களில் இடுப்பளவுக்குச் சரிந்தும் கிடந்தது. அதற்கு வெளியே வெயிலில் ஒரு கிரியாமாக் குடும்பம் வீடு கட்டிக்கொண்டிருந்தது. கழிகளை நட்டு, குறுக்கே குச்சி வரிந்து கட்டி, இடைவெளியில் செம்மண் உருண்டைகளை வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார்கள். கூரை இன்னும் போடவில்லை. அனுமதி கேட்டு அறையின் அகலத்தை அளந்தேன். பத்தடிக்குக் கொஞ்சம் கூட. "கீற்றுக்கு எடை இல்லையே" என்று வழிகாட்டியே காரணத்தைச் சொல்லிவிட்டார்.

கெடிக்குப் போகிறவர்கள் அரண்மனையோடு திரும்பிவிடாமல் வெளிமதிலுக்கும் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்க வேண்டும். கூடுதலாக அரை மணி நேரம் ஆகும். நீளக் கால்சட்டையும் மூடிய செருப்பும் தேவை. மாலிந்தி திரும்பும் மடாட்டு விலக்கில் சாயங்காலம் வரை அடிக்கடி வருகிறது.